காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம்: மண்கலயத்தில் நுண்ணுயிர் மின்கலம் அமைக்க முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் வட்டாரத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ ஒரு லிட்டர் அளவுள்ள நுண்ணுயிர் மின்கலம் ஒன்றைக் கட்டி, அதிலிருந்து வரும் மின்சாரம் உண்மையிலேயே நுண்ணுயிர்கள் தந்ததுதானா என்று சரிபார்க்கும் முறை இங்கே வரிசையாகத் தரப்படுகிறது. கழிவை உண்ணும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் மின்னணுக்களை (எலக்ட்ரான்களை) மின்சாரமாக எடுக்கும் கலமே நுண்ணுயிர் மின்கலம். புதிதாகச் செய்வோர் பெரும்பாலும் கட்டுவதில் தவறுவதில்லை. வரிசையை மாற்றுவதிலும், மல்டிமீட்டரில் தெரியும் எண்ணை அப்படியே நம்புவதிலும்தான் தவறுகிறார்கள்.

1. எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் கணக்கிடுங்கள்

ஒரு லிட்டர் கலயம் நன்றாக வேலை செய்தால், எந்தச் சுமையும் (மின்சாரத்தை எடுக்கும் ரெசிஸ்டரோ கருவியோ) இணைக்காத நிலையில் 0.6 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும். சுமையை இணைத்ததும் அது 0.3 அல்லது 0.4 வோல்ட்டுக்கு இறங்கும். கிடைக்கும் திறன் ஏறத்தாழ 0.2 மில்லிவாட். 5 வாட் கைப்பேசி சார்ஜர் ஒன்றை இயக்க இப்படி 25,000 கலயங்கள் வேண்டும்.

ஆகவே வீட்டுக்கு விளக்கு எரிப்பதோ அடுப்பு எரிப்பதோ நோக்கமானால் இந்த முறையை விட்டுவிட்டுச் சாண எரிவாயுக் கலனைக் கட்டுவதே அறிவுடைமை. சிறு உணர்கருவி ஒன்றை இயக்குதல், கழிவுநீரின் செறிவை அறிதல், மாணவர்க்கு நுண்ணுயிரின் வேதியியலைக் கண்முன் காட்டுதல் ஆகியவற்றுக்கு இது ஏற்ற கருவி. இந்த அளவு தெரியாமல் தொடங்குவோர் மூன்றாம் வாரத்தில் மனம் தளர்ந்து நிறுத்திவிடுவதால்தான் இதை முதலில் வைத்திருக்கிறேன்.

2. முன்கூட்டியே திரட்ட வேண்டியவை

ஒரே அளவுள்ள மண்கலயங்கள் இரண்டு, கலயத்தை வைக்கும் அகலமான பிளாஸ்டிக் தொட்டி இரண்டு, கார்பன் ஃபெல்ட் துணி, மெல்லிய எவர்சில்வர் கம்பி, எம்சீல், மல்டிமீட்டர், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாள், ஆப்பசோடா, கையுறை ஆகியவை வேண்டும். இவற்றுடன் 100 ஓமிலிருந்து 10,000 ஓம் வரையிலான ரெசிஸ்டர்களையும் (மின்தடைகள்) வாங்கி வையுங்கள். இரண்டு கலயங்களிலும் எப்போதும் மாட்டியிருக்க 1000 ஓம் ரெசிஸ்டர் இரண்டு தேவைப்படும். மின்னணுக் கடையில் இவை சில்லறை விலையில் கிடைக்கும். கார்பன் ஃபெல்ட் மட்டும் உள்ளூரில் எளிதில் அகப்படாது. இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

ஃபெல்ட் கிடைக்காதவர்கள் விலை குறைந்த துத்தநாக-கார்பன் பேட்டரிகளின் நடுவிலுள்ள கரிக்கோலை எடுத்துப் பயன்படுத்தலாம். ஆல்கலைன் பேட்டரியில் அந்தக் கரிக்கோல் இல்லை, அரிக்கும் காரம்தான் இருக்கிறது. லித்தியம் பேட்டரியை உடைத்தால் தீப்பிடிக்கும். இவ்விரண்டையும் தொடவே வேண்டாம்.

செம்பு, துத்தநாகம், அலுமினியத் தகடுகளை மின்வாயாக, அதாவது மின்னோட்டம் நுழைந்து வெளியேறும் முனையாக, வைக்கக் கூடாது. இவை ஈரத்தில் அரிக்கப்படும்போது தாமே மின்னழுத்தம் தரும். எலுமிச்சம்பழத்தில் ஆணியும் செம்புக் கம்பியும் செருகினால் வருவதும் அதுவே. அறிவியல் கண்காட்சிகளில் ‘சாணத்திலிருந்து மின்சாரம்’ என்று வைக்கப்படும் பல மாதிரிகளில் எரிவது உண்மையில் கரைந்துகொண்டிருக்கும் துத்தநாகம்தான். செம்பு அயனிகள் நுண்ணுயிர்களுக்கு நஞ்சு என்பது இன்னொரு காரணம்.

3. கழிவைப் புளிக்கப் போடுங்கள்

கலயத்தைக் கட்டுவதற்கு நான்கு நாள் முன்பே இந்த வேலை தொடங்கிவிட வேண்டும். மின்னணுக்களை மின்வாய்க்குத் தரக்கூடிய ஜியோபாக்டர் போன்ற நுண்ணுயிர்கள் மாவுச்சத்தையும் நாரையும் நேரடியாக உண்பதில்லை. அசிட்டேட் போன்ற எளிய அமிலங்களே அவற்றுக்கு உணவு. மாவுச்சத்தை அமிலமாக உடைக்கும் வேலையை வேறு நுண்ணுயிர்கள் முதலில் செய்தாக வேண்டும். அந்த வேலை கலயத்துக்கு வெளியே நடப்பது நல்லது.

வீட்டுக் கழுநீர், வடித்த கஞ்சி, வாழைப்பழத் தோல், நேதாஜி மார்க்கெட் வாசலில் ஒதுக்கப்படும் அழுகிய தக்காளி, கத்தரிக்காய் ஆகியவற்றை நன்றாக நறுக்கி, சம அளவு நீருடன் ஒரு மூடி போட்ட வாளியில் நிழலில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வேண்டும். நான்காம் நாள் புளித்த மணம் வரும். அப்போது துணியில் வடிகட்டி, தெளிந்த சாற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கக் கூடாதவை: ஊறுகாய், எண்ணெய்ப் பலகாரம், சோப்புநீர், எலுமிச்சை மற்றும் சாத்துக்குடித் தோல். முதல் மூன்றும் எதற்கு என்பது சொல்லாமலே விளங்கும். நாரத்தை இனப் பழங்களின் தோலில் உள்ள எண்ணெய் நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதைத்தான் பலர் அறிவதில்லை. சாறுக்கடைக் கழிவை மூட்டையாக வாங்கிவந்து போடுவோர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

வடித்த சாற்றின் பி.எச். 4 அல்லது 5 ஆக இருக்கும். சிறிது சிறிதாக ஆப்பசோடா சேர்த்து 7-க்குக் கொண்டுவாருங்கள். ஒரே தடவையில் கொட்டினால் நுரை பொங்கி வழியும். பிறகு ஒரு பங்கு சாற்றுக்குப் பத்துப் பங்கு நீர் சேர்க்க வேண்டும். மாநகராட்சிக் குழாய்நீரானால் முந்தைய நாளே வாயகன்ற பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வையுங்கள். அதிலுள்ள குளோரின் பறந்துவிடும்.

4. கலயத்தைத் தேர்ந்தெடுத்துச் சோதியுங்கள்

இந்த மின்கலத்தில் கலயத்தின் சுவரே பிரிசுவர். உள்ளே உண்டாகும் அயனிகள் அதன் நுண்துளைகள் வழியாக வெளியே செல்ல வேண்டும். வெளியிலுள்ள ஆக்ஸிஜன் உள்ளே அதிகம் நுழையக் கூடாது. இரண்டு புட்டிகளை அகர் உப்புப் பாலத்தால் இணைக்கும் பாடநூல் முறையும் உண்டு. ஆனால் அந்த நீண்ட, மெல்லிய பாலத்தின் தடை மிக அதிகமாவதால் கிடைக்கும் மின்னோட்டம் மிகவும் குறைந்துவிடும். தொடக்கநிலையில் மண்கலயத்தைவிட எளிதானதும் மலிவானதும் வேறில்லை.

நம் பக்கத்தில் மண்பாண்டம் என்றதும் கரிகிரியே நினைவுக்கு வரும். அங்கே புகழ்பெற்றது பளபளப்பான கண்ணாடிப் பூச்சுள்ள பாண்டம். அந்தப் பூச்சு துளைகளை அடைத்துவிடுவதால் அது இந்த வேலைக்கு உதவாது. பூச்சில்லாத, குடிநீர் குளிரும் வகையைச் சேர்ந்த சாதாரணக் கலயத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கியதும் நீர் நிரப்பி ஓர் இரவு வையுங்கள். காலையில் வெளிச்சுவர் முழுதும் ஈரமாக இருந்து, சொட்டாமல் இருந்தால் அது சரியான கலயம். உலர்ந்தே இருந்தால் அயனிகளுக்கு வழியில்லை. சொட்டினால் கீறல் உண்டு. அதன் வழியே ஆக்ஸிஜன் உள்ளே புகும், நுண்ணுயிர்கள் மின்வாயை விட்டுவிட்டு அந்த ஆக்ஸிஜனுக்கே மின்னணுக்களைக் கொடுத்துவிடும்.

5. கார்பனைப் பதப்படுத்தி இணையுங்கள்

புதிய கார்பன் ஃபெல்ட் நீரை ஏற்காது, மேலே மிதக்கும். அரை மணி நேரம் கொதிநீரில் இட்டு, அதே நீரில் ஆறவிட்டால் இழைகளுக்குள் நீர் இறங்கும். காற்று தங்கிய இழையில் நுண்ணுயிர் ஒட்டாது என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. பேட்டரிக் கரிக்கோலானால் அதில் மெழுகு ஊறியிருக்கக்கூடும். காற்றோட்டமான இடத்தில் தீயில் காட்டி மெழுகை எரித்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக் கழுவுங்கள்.

ஒவ்வொரு கலயத்துக்கும் இரண்டு துண்டுகள் வேண்டும். உள்ளே வைக்கும் மின்வாயான ஆனோடுக்குப் பத்துக்கு இருபது சென்டிமீட்டர் போதும். வெளியே சுற்றும் மின்வாயான கேதோடு அதைவிடப் பெரியதாக, கலயத்தின் வயிற்றைச் சுற்றி வருமளவு இருக்கட்டும். வெறும் கார்பனின்மேல் ஆக்ஸிஜன் மின்னணுக்களை ஏற்கும் வினை மிக மெதுவாக நடக்கிறது. பெரும்பாலான கலயங்களில் தேக்கம் உண்டாவது நுண்ணுயிர் வாழும் பக்கத்தில் அன்று, இந்தப் பக்கத்தில்தான். நீர் வடிகட்டிக்கு விற்கும் செயலூட்டிய கரியைப் பொடித்து, கலயத்துக்கும் ஃபெல்ட்டுக்கும் இடையே திணித்தால் வினை வேகப்படும்.

எவர்சில்வர் கம்பியை ஃபெல்ட்டில் தையல்போல் பல இடங்களில் கோத்து எடுங்கள். ஓரிடத்தில் மட்டும் குத்தினால் தொடர்பு தளரும். செம்புக் கம்பியுடன் இணைக்கும் முடிச்சு நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். அதை எம்சீல் வைத்து மூடுங்கள்.

6. விதைச் சேற்றை எடுக்கும் இடம்

கலயத்தில் நுண்ணுயிர்களைத் தொடங்கிவைக்கும் விதையாகப் பசுஞ்சாணமும் ஏரிச் சேறும் சம அளவில் கலந்தது நல்லது. ஏரியின் ஓரத்தில் மேலாக உள்ள மண்ணை விட்டு, ஒரு சாண் ஆழத்தில் கறுப்பாக, முட்டை அழுகிய மணத்துடன் இருக்கும் சேற்றை எடுக்க வேண்டும். அந்த நிறமும் மணமும் அங்கே ஆக்ஸிஜன் இல்லை என்பதற்கு அடையாளம். நமக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் அப்படிப்பட்ட இடத்திலேயே வாழ்கின்றன.

பாலாற்றுப் படுகையிலிருந்து எடுக்க எண்ணுவோர் இடத்தைப் பார்த்து எடுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு கலந்த ஓடைகளிலும் அவற்றை அடுத்த படுகையிலும் குரோமியமும் மிகுந்த உப்பும் கலந்திருக்க வாய்ப்புண்டு. உப்பு மிகுந்தால் கடத்துதிறன் கூடி முதல் நாள் எண் அழகாகத் தெரியும், வாரம் கடந்ததும் நுண்ணுயிர் வளராது. கைக்கும் அது கேடு. ஊர் ஏரியோ மாடு குளிக்கும் குட்டையோ போதும்.

7. கலத்தைக் கட்டும் வரிசை

முதலில் ஆனோடை ஒரு சுருளாக்கிக் கலயத்துக்குள் நிறுத்துங்கள். அடுத்து விதைச் சேற்றைக் கலயத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு இட்டு, நீர்த்த புளிப்புச் சாற்றை மெதுவாக வாய்வரை ஊற்றுங்கள். சேற்றைப் போட்டபின் ஆனோடைச் செருகினால் இழைகளுக்கிடையே காற்று சிக்கிக்கொள்ளும்; அதனால்தான் இந்த வரிசை.

வாயைத் தட்டு வைத்து மூடி, ஓரத்தை எம்சீலால் அடைக்கும்போது இரண்டு மெல்லிய குழாய்களை விட்டுவையுங்கள். ஒன்று உணவு ஊற்ற. ஊற்றாதபோது அது அடைத்தே இருக்க வேண்டும். மற்றொன்றின் முனை வெளியே ஒரு நீர்க்குவளையில் மூழ்கியிருக்கட்டும். உள்ளே கரியமில வாயுவும் சிறிது மீத்தேனும் உண்டாகும். அவை குமிழியிட்டு வெளியேறலாம், காற்று திரும்ப நுழைய முடியாது. முற்றிலும் அடைத்துவிட்டால் மூடி தெறிக்கும்.

இனி வெளிச்சுவரில் கேதோடைச் சுற்றி இறுக்கக் கட்டி, கலயத்தைத் தொட்டியில் வைத்து, ஃபெல்ட்டின் கீழ்ப்பாதி மட்டும் மூழ்குமளவு நீர் ஊற்றுங்கள். மேற்பாதி காற்றில் இருக்க வேண்டும். கீழ்ப்பாதி நீரை உறிஞ்சி மேலே ஏற்றும், மேற்பாதி காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பெறும். முழுவதும் மூழ்கடித்தால் நீரில் கரைந்துள்ள சிறிதளவு ஆக்ஸிஜன் மட்டுமே கிடைக்கும், மின்னோட்டம் படுத்துவிடும்.

இரண்டாவது கலயத்தையும் இதேபோல் கட்டுங்கள். ஒரே வேறுபாடு: அதில் இடும் சேற்றையும் சாற்றையும் சமையலுக்குப் பயன்படாத பழைய குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்து, ஆறியபின் இட வேண்டும். இது ஒப்புக் கலயம். முதல் கலயத்தில் எண் ஏறும்போது இதிலும் அதே எண் ஏறினால், நீங்கள் பார்ப்பது நுண்ணுயிரின் வேலை அன்று. நாள் செல்லச் செல்ல வெந்த கலயத்திலும் புதிய நுண்ணுயிர்கள் குடியேறிவிடும். ஆகவே ஒப்பீட்டுக்கு எண் முதன்முதலில் ஏறும் நாள்களின் அளவுகளை மட்டுமே கொள்ளுங்கள்.

8. ரெசிஸ்டரை முதல் நாளே இணையுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். ‘முதலில் வோல்ட் ஏறட்டும், பிறகு சுமையை இணைக்கலாம்’ என்று பெரும்பாலோர் சுற்றைத் திறந்தே வைக்கிறார்கள். சுற்று திறந்திருந்தால் மின்னணுக்கள் போக வழியில்லை. மின்வாயை நம்பி வாழும் நுண்ணுயிருக்கு அங்கே பிழைப்பில்லை. அந்த இடத்தை மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்கின்றன.

எனவே கட்டிய அன்றே ஆனோடுக்கும் கேதோடுக்கும் இடையே 1000 ஓம் ரெசிஸ்டரை மாட்டி, இரவும் பகலும் அப்படியே விடுங்கள். அந்தச் சுற்றின் வழியே மின்னணுவை அனுப்பத் தெரிந்த நுண்ணுயிர்கள் ஃபெல்ட்டில் படலமாகப் பெருகும். ஓர் அசிட்டேட் மூலக்கூறு முழுதும் சிதையும்போது எட்டு மின்னணுக்கள் வெளிவருகின்றன. வெளியே ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு நான்கைப் பெற்று நீராகிறது.

9. அளப்பதும் குறிப்பதும்

மல்டிமீட்டரின் கறுப்பு முனை ஆனோடில், சிவப்பு முனை கேதோடில். ரெசிஸ்டர் மாட்டியிருக்கும்போதே அதன் இரு முனைகளிலும் வோல்ட்டை அளந்து, ஓமால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 0.3 வோல்ட்டை 1000-ஆல் வகுத்தால் 0.3 மில்லியாம்பியர்.

ரெசிஸ்டரைக் கழற்றி அளந்தால் எண் பெரிதாகத் தெரியும். மல்டிமீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காத கருவியாதலால், ஒன்றுக்கும் உதவாத கலயமும் அதில் அரை வோல்ட் காட்டும். அந்த எண்ணைக் குறிப்பேட்டில் தனியாக எழுதுங்கள்; அதை வைத்துப் பெருமை கொள்ள ஒன்றுமில்லை.

தினமும் ஒரே நேரத்தில் அளப்பது முக்கியம். வேலூர் வெயிலில் காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே வெப்பநிலை பெரிதும் மாறும், அதற்கேற்ப எண்ணும் மாறும். வோல்ட்டுடன் நீரின் வெப்பநிலையையும் குறியுங்கள். முதல் சில நாள் எண் அசையாமல் கிடக்கும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் நாளுக்கு நாள் ஏறத் தொடங்கும். கட்டிய முதல் மணி நேரத்திலேயே 0.5 வோல்ட் வந்தால் மகிழாதீர்கள்; எங்கோ ஓர் உலோகம் அரிக்கப்படுகிறது என்று பொருள்.

10. உணவிடுதல்

எண் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும்போது, மேலே உள்ள தெளிநீரில் பாதியை உணவுக் குழாய் வழியே எடுத்துவிட்டு, பி.எச். சரிசெய்து நீர்த்த புதிய சாற்றை ஊற்றுங்கள். சேற்றைக் கலக்க வேண்டாம், ஆனோடை அசைக்க வேண்டாம். ஊற்றிய சில மணி நேரத்தில் எண் மீண்டும் ஏறினால், மின்னோட்டம் உணவைச் சார்ந்திருக்கிறது என்பதற்கு ஒப்புக் கலயத்தைவிடவும் வலுவான சான்று அது.

கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக வரும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. செறிவு மிகுந்தால் அமிலம் தேங்கி பி.எச். 6-க்குக் கீழே இறங்கும். மின்வாயில் உள்ள படலம் செயலிழக்கும். உரம் போட்டால் வேகமாக வளரும் என்று நைட்ரேட் உரத்தைக் கரைத்து ஊற்றுவோரும் உண்டு. நைட்ரேட் தானே மின்னணுக்களை வாங்கிக்கொள்வதால் மின்னோட்டம் குறையவே செய்யும்.

11. கலயத்தின் உண்மையான திறனை அறிதல்

எண் சில நாள் நிலையாக நின்றபின், ரெசிஸ்டரைக் கழற்றி இரண்டு மணி நேரம் விட்டு அளவிடுங்கள். பிறகு 10,000, 4,700, 2,200, 1,000, 470, 220, 100 ஓம் என்று இறங்குவரிசையில் ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் காத்திருந்து வோல்ட்டைக் குறியுங்கள். காத்திராமல் மாற்றினால், மின்வாயில் தேங்கியிருந்த மின்னூட்டத்தையே அளப்பீர்கள்.

வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் திறன். எடுத்துக்காட்டாக, 1000 ஓமில் 0.44 வோல்ட் என்றால் 0.19 மில்லிவாட், 470 ஓமில் 0.31 வோல்ட் என்றால் 0.20 மில்லிவாட், 220 ஓமில் 0.19 வோல்ட் என்றால் 0.16 மில்லிவாட். திறன் உச்சமாகும் இடத்தில் வெளித்தடையும் கலயத்தின் உள்தடையும் ஏறத்தாழச் சமம். இந்தக் கலயத்தின் உள்தடை 470-க்கும் 1000-க்கும் இடையில் இருக்கிறது. இனி அதற்கு நெருக்கமான ரெசிஸ்டரையே நிலையாக மாட்டுங்கள்.

12. மின்சாரத்தைப் பயன்படுத்துதல்

சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 1.8 வோல்ட் வேண்டும். நான்கைந்து கலயங்களைத் தொடராக இணைத்தால் வருமே என்று தோன்றும். ஒரு கலயத்தில் உணவு தீர்ந்துவிட்டால் மற்றவை அதன்மேல் மின்னோட்டத்தைத் திணித்து, அதன் முனைகளைத் தலைகீழாக்கிவிடும். அதிலுள்ள நுண்ணுயிர்ப் படலமும் கெடும். இன்னொன்று: கலயங்களை ஒரே தொட்டி நீரில் வைத்துத் தொடராக இணைத்தால் வோல்ட் எதிர்பார்த்த அளவு உயராது, நீர்வழியாகவே குறுக்குச் சுற்று ஏற்பட்டுவிடும். தொட்டிகள் தனித்தனியாக இருக்க வேண்டும்.

நம்பகமான வழி, மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும், ஒரு ஃபாரட் அளவுள்ள சூப்பர் கெபாசிட்டர் ஐந்தைப் பக்க இணைப்பில் ஒரே கலயத்தால் 0.5 வோல்ட் வரை நிரப்பி, பிறகு அவற்றைத் தொடராக மாற்றி இணைப்பது. நிரம்ப ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும், எல்.இ.டி. அரை நிமிடம் அளவில் எரியும். குறைந்த வோல்ட்டை உயர்த்தித் தரும் சிறு சுற்றுப்பலகைகளும் கிடைக்கின்றன. வாங்கும்போது அது இயங்கத் தொடங்க எத்தனை வோல்ட் கேட்கிறது என்று பார்த்து வாங்குங்கள். இயங்கும்போது வேண்டியதைவிடத் தொடங்கும்போது வேண்டியது அதிகம்.

13. எண் விழுந்தால் எங்கே பார்ப்பது

முதலில் கேதோடைப் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் ஃபெல்ட் காய்ந்து, மேற்பகுதியில் வெள்ளை உப்பு படியும். நம் ஊர் உப்புநீரில் அது விரைவாகவே படியும். நீர்த்த வினிகரால் ஃபெல்ட்டை மட்டும் துடைத்து, நல்ல நீரில் கழுவி மீண்டும் சுற்றினால் எண் திரும்பிவிடும். மொட்டைமாடியில் வைத்திருந்தால் வீட்டினுள் நிழலுக்கு மாற்றுங்கள். 25 முதல் 35 டிகிரியே இந்நுண்ணுயிர்களுக்கு உகந்தது.

கேதோடு ஈரமாக இருந்தும் எண் விழுந்தால் பி.எச். பாருங்கள், பிறகு கம்பி முடிச்சை அசைத்துப் பாருங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். ஒருமுறை திறந்தால் உள்ளே புகுந்த ஆக்ஸிஜன் தீர்ந்து பழைய நிலை வரச் சில நாள் ஆகும்.

வேலை முடிந்த கலயத்தைக் கொட்டும்முன், ஆனோடிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, அதைச் சுற்றியிருந்த நீரோடு ஒரு புட்டியில் நிரப்பி இறுக மூடி வையுங்கள். அடுத்த கலயத்துக்கு ஏரிச் சேற்றுக்குப் பதிலாக இதையே விதையாக இட்டால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். மீதிச் சேற்றை நீர்விட்டுத் தளர்த்திச் செடிகளுக்கு ஊற்றலாம். கீரைப் பாத்திக்கு மட்டும் வேண்டாம். சாணத்திலும் சேற்றிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் கையுறையுடன் கையாண்டு, முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள்.